முதலாளியம்மாவின் வெள்ளிக்கிழமை வகுப்பு

மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் அவர்களே, துணைவியாரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, அவர்களுடைய மகளே, சக ஆசிரியர்களே, கையில் கிரீஸ் காயாமல் பட்டறைகளிலிருந்து ஓடிவந்திருக்கும் மாணவர்களே! வரைபட ஆசிரியனாகிய நான் இரண்டு வார்த்தை பேச எழுந்திருக்கிறேன்.

போன வாரம் நம்மை விட்டுப் போன நம் ஆசிரியை அம்மையார், இந்தத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் இயந்திரப் பாடம் நடத்தியவர். அவருக்குச் சொந்தமாக ஒரு பெட்டிக்கடைகூட இருந்ததில்லை. ஆனாலும் நீங்கள் அவருக்கு வைத்த பெயர் என்ன? முதலாளியம்மா!

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் அவர் முதலாளியாகவே மாறிவிடுவார். மேசையைத் தட்டுவார், கத்துவார், திடீரென்று குழைவார். "நீ என் புள்ள மாதிரி. இந்த ஒரு தடவை மட்டும் மெஷினோட பாதுகாப்பு மூடியைக் கழட்டிட்டு ஓட்டு, சாயங்காலத்துக்குள்ள சரக்கு போகணும்" என்பார். மாணவர் மரியாதை குறையாமல் மறுக்க வேண்டும். அதுதான் பாடம்! திட்டுக்கு அசையாத பிள்ளைகள்கூட அந்தக் குழைவில் உருகிவிடுவார்கள். "பாத்தியா? கத்துறவர்கிட்ட உஷாரா இருப்ப. சிரிச்சுப் பேசுறவர்கிட்டதான் விரல் போகும்" என்று திருத்துவார்.

நம் மாணவி ஒருவர், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அப்படி மறுத்தார். வேலை போயிற்று. மறுநாள் அவருடைய அம்மா ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

"வேலைக்குப் போகக் கத்துக்குடுங்கன்னு அனுப்பினா, வேலையை விட்டுட்டு வரக் கத்துக்குடுத்திருக்கீங்களே! எங்க வீட்ல யாருங்க உலை வைக்கிறது?"

முதலாளியம்மா வாதாடினாரா? இல்லை! நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். "நீங்க கேக்குறது நியாயந்தாங்க. வாங்க, வேற வேலை தேடலாம்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, ஒருவழியாக ஓர் இடம் அமைந்தது. சம்பளம் முன்னதைவிடக் குறைவுதான்.

அதற்குப் பிறகு அவருக்கு மனம் ஆறவே இல்லை. டீ குடிக்கும்போதெல்லாம் என்னிடம் கேட்பார்: "தம்பி, மறுக்கச் சொல்லிக் குடுக்கிறேன். மறுத்ததுக்கப்புறம் அந்தப் புள்ளைக்கு யாரு துணை? பாதிப் பாடந்தானே நடத்துறேன்?"

எவ்வளவு பெரிய கேள்வி, நண்பர்களே! பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்வது என்றால் வளைந்து கொடுக்கக் கற்பிப்பதா, நிமிர்ந்து நிற்கக் கற்பிப்பதா? நிமிர்ந்து நிற்பவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டாமா? அவர் இதை யோசித்ததோடு நிற்கவில்லை. மறுத்து வேலையிழந்த ஒவ்வொருவருக்காகவும் வெயிலில் அலைந்தார். பாடத்தின் மறுபாதியைச் செருப்புத் தேய நடந்தே நடத்தினார்.

முதல்வர் ஐயா, நேற்று நீங்கள் என்னை அழைத்து, "பசங்க எதிர்த்துப் பேசுறாங்கன்னு கம்பெனிக்காரங்க வருத்தப்படுறாங்க. அந்த வெள்ளிக்கிழமை நேரத்தை உங்க பாடத்துக்கே எடுத்துக்குங்க" என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். இந்தச் சபையில் சொல்கிறேன்: மன்னிக்க வேண்டும் ஐயா, எடுத்துக்கொள்ள மாட்டேன். வருத்தப்படுகிற கம்பெனிகளிடம் நானே போய்ப் பேசுகிறேன். வேலையிழக்கும் பிள்ளைக்காக ஆசிரியர்கள் நாங்கள் முறை போட்டு வேலை தேடி நடக்கிறோம். அந்த வகுப்பு மட்டும் நிற்கக் கூடாது!

மாணவர்களே, எனக்குக் கத்த வராது, குழையவும் வராது. நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். வரும் வெள்ளிக்கிழமை முதலாளியாக நான்தான் வருவேன். தயவுசெய்து, என் பேச்சை ஒருவரும் கேட்காதீர்கள்!