சின்னவளின் இடது கை

இடது கைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதென்றால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் கூடுதல் பிரியம், ஐயா. வலது கைக்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கியதுமே எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். இடது கைக்காரர்கள் அப்படியில்லை. கத்தரிக்கோல், கதவுக் கைப்பிடி என்று சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றோடும் மல்லுக்கட்டி வளர்ந்தவர்கள். சொன்னதைப் பொறுமையாகக் கேட்பார்கள். ஏதாவது சரியாக வரவில்லையென்றால் தப்பு தங்கள் கையில்தான் இருக்கும் என்று முதலிலேயே நம்பிவிடுவார்கள்.

உங்களுக்குத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இதை எழுதிக்கொள்கிறாரே, அவருக்காகச் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் பணவண்டிக்குக் காவல் போகிறவர்களுக்குக் கொடுக்கும் கைத்துப்பாக்கி வலது கைக்காரனை மனதில் வைத்துச் செய்தது. தவறிச் சுட்டுவிடாமல் தடுக்கும் சேஃப்டி லீவர் அதன் இடது பக்கத்தில் இருக்கிறது. வலது கையால் பிடித்தால் கட்டைவிரல் தானாகப் போய் அதன் மேல் உட்காரும். இடது கையால் பிடித்தால் கட்டைவிரல் ஒரு பக்கம், லீவர் மறுபக்கம். தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றும் பொத்தானும் அப்படியே. சுட்டதும் தோட்டாவின் காலிக் கூடு வலது பக்கமாகத் தெறிக்கும். இடது கைக்காரருக்கு அது முகத்துக்கு முன்னால் பறப்பதுபோல் இருக்கும். சூடாக ஒன்று காலருக்குள் விழுந்துவிட்டால் ஆள் துள்ளிக் குதிப்பார். குதிக்கும்போது துப்பாக்கியும் கையில் இருக்கும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் பயிற்சிக் கூடத்தில் என்னை வைத்திருக்கிறார்கள்.

சின்னவள் என் மனைவியின் தங்கை. வீட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். என் மனைவி மாடிப்படியில் விழுந்து இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மாமியார் போன் செய்தார்.

"மாப்ள, சின்னவளுக்கு உங்க கம்பெனியில ஏதாவது பாருங்களேன். வீட்டுல உக்காந்து அக்கா போட்டோவையே பாத்துட்டு இருக்கா. உங்ககிட்டதான் வேலைக்கு வருவேன்னு அடம் பிடிக்கிறா."

என்னால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

பயிற்சிக் கூடம் என்பது நீளமான ஒரு தகரக் கொட்டகை. ஒரு கோடியில் மணல் மூட்டைகள், அதற்கு முன்னால் அட்டை மனிதர்கள். முதல் நாள் அவள் உள்ளே வந்தபோது யாரோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தத்துக்கு அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். காதுறையை நான்தான் மாட்டிவிட்டேன். அவள் உள்ளங்கை வேர்த்து, அதைப் பேன்ட்டில் துடைத்துத் துடைத்து அந்த இடமே கறுத்துப்போயிருந்தது. துப்பாக்கியை இடது கையில் வாங்கியதும் மற்றவர்கள் சிரித்தார்கள்.

"நொட்டாங்கைக்கு லைசென்ஸ் குடுப்பாங்களா வாத்தியாரே?" என்றான் ஒருவன்.

அவளும் சிரிக்கப் பார்த்தாள். "நான் திரும்பி நின்னா சரியாயிடுமா மாமா?"

சுடுவதற்கு முன்பே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். குழல் தாழ்ந்து, தோட்டா தரையில் போய் மண்ணைக் கிளப்பும். பிறகு துப்பாக்கியைத் தட்டின்மேல் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொள்வாள். "பயமா இருக்கு மாமா. கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்பாள். அங்கே பயந்தவள் அவள் ஒருத்திதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் பயத்தைச் சொல்கிறேன். என் மனைவி விழும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, குளித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொன்னேன். அது பெரிய பொய்யாக எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தாய், ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பார்களே என்ற தயக்கம்தான். ஆனால் அவளுடைய தங்கை, கையில் தோட்டா போட்ட துப்பாக்கியோடு, என் தோளுக்கு ஒரு முழத்தில் தினமும் வந்து நிற்க ஆரம்பித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் துப்பாக்கியைத் தூக்கும்போதெல்லாம் அரை அடி பின்னால் நகர்ந்துகொள்வேன். குரலை மட்டும் சீராக வைத்துக்கொள்வேன். "மூச்சை விடு. கண்ணைத் திற. நான் இருக்கேன்ல."

ஒரு மதியம் சாப்பாட்டு இடைவேளையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தவள் சாப்பிடாமல் மூடினாள்.

"அக்கா கடைசியா எங்கிட்ட போன்ல பேசினப்ப உங்களைப் பத்தித்தான் பேசினா மாமா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்ல. விடுங்க. இப்ப எதுக்கு அது."

கண் கலங்கியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐயா, நீங்கள் எத்தனையோ பேரை விசாரித்திருப்பீர்கள். ஒருவர் ஒன்றுமில்லை என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காலிக் கூடு விஷயம் நடந்தது. அவள் சுட்டாள். கூடு வலது பக்கமாகப் பறந்துவந்து என் கன்னத்தில் பட்டது. நான் ஸ் என்றேன். அவள் பதறிப்போய் முழு உடம்போடு என் பக்கம் திரும்பினாள். துப்பாக்கியும் கூடவே திரும்பியது. குழல் நேராக என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது, சேஃப்டி போடவில்லை, விரல் விசையின் மேலேயே இருந்தது.

"மாமா, சுட்டுடுச்சா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது கன்னத்தைப் பற்றி. அப்போது எனக்கு அப்படிக் கேட்கவில்லை. என் கால்சட்டை நனைந்துவிட்டது என்பதை உங்களிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. மெதுவாக அவள் மணிக்கட்டைப் பிடித்துக் குழலைக் கீழே இறக்கினேன். "பரவாயில்லமா. இடது கைல இது சகஜம்" என்றேன். அவள் அழுதாள். அன்றைக்கே எனக்குத் தெளிவாகிவிட்டது. நான் எதுவும் செய்யாமல் இருந்தால் இந்தப் பெண் ஒரு நாள் என்னைச் சுட்டுவிட்டு, கை தவறிவிட்டது என்பாள். எல்லோரும் நம்புவார்கள். அவளைத்தான் எல்லோரும் கை சரியில்லாதவள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே.

அப்புறம் நான் அவளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் போன பிறகு, கொட்டகையில் வெயில் சாய்ந்து விழும் நேரத்தில், காலித் துப்பாக்கியோடு. லீவர் கைக்கு எட்டவில்லை என்பதுதானே அவள் குறை. மணிக்கட்டை உள்ளே மடக்கு, துப்பாக்கியை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவா, லீவரைக் கண்ணால் பார், வலது கையால் தட்டு என்றேன். தட்டியவுடனே விசையையும் அழுத்திப் பழகு, தயக்கம் போகும் என்றேன். அப்படிச் செய்யும்போது குழல் எங்கே பார்க்கிறது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். நன்றாகக் கற்றுக்கொண்டாள். லீவரைத் தட்டுவதும் விசையை அழுத்துவதும் ஒரே அசைவாக ஆகும்வரை விடாமல் பழகினாள். நல்ல மாணவி.

துப்பாக்கிகளைத் துடைத்து வைக்கும் ஊழியர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். சட்டையெல்லாம் கறையாக இருப்பதால் எண்ணெய் என்றே அவரைக் கூப்பிடுவார்கள். அவர் ஒரு நாள் எட்டிப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, பாப்பாவை இந்தக் கொடுமை பண்றீங்க? ரெண்டு பக்கமும் லீவர் இருக்கற மாதிரி மாத்திக் குடுத்துடறேனே. அரை மணி நேர வேலை."

"லைசென்ஸ் பரீட்சையில அந்தத் துப்பாக்கியா குடுப்பாங்க? இருக்கறதுல பழகட்டும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார். சில நாளில் அவள் துப்பாக்கியை நேராக நீட்டியபடியே, ஆள்காட்டி விரலை மேலே நகர்த்தி லீவரைத் தட்டிவிட்டுச் சுட்டாள். கண் திறந்திருந்தது. அட்டை மனிதனின் நெஞ்சில் ஓட்டை விழுந்தது. கூடு மூக்குக்கு முன்னால் பறந்தபோது இமைகூட அசையவில்லை.

"இப்பப் பயமே இல்ல மாமா" என்றாள். காதுறையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எதைப் பாக்கணுமோ அதை மட்டும் பாக்கறேன். மத்தது எதுவும் தெரியறதில்ல."

அன்று வீட்டுக்குப் போய்க் கதவை உள்ளே பூட்டிவிட்டு, மேசையையும் அதன் மேல் சாய்த்து வைத்தேன். அவளிடம் துப்பாக்கி இல்லை என்று எனக்குத் தெரியும், கூடத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துவந்தவனே நான்தான். இருந்தாலும் மேசையை நகர்த்தினேன். பயம் வந்துவிட்டால் தெரிந்த விஷயம் எதற்கும் உதவாது.

பரீட்சைக்கு முந்தின வாரம் அவளை மறுபடியும் நிற்கவைத்தேன். எண்ணெய் அன்று விடுப்பு.

"பரீட்சை வைக்கறவங்க பழைய முறையைத்தான் பாப்பாங்க. ஒரு தடவை செஞ்சு காட்டு."

"அது மறந்தே போச்சு மாமா. இதுதான் சுலபமா இருக்கு."

"ஒரே தடவை."

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று அதன் மேல்பகுதியை, ஸ்லைடை, இழுத்துப் பார்க்க வேண்டும். அதுதான் முதல் பாடம், நானே சொல்லிக்கொடுத்தது. அவள் ஒரு நாளும் தவறியதில்லை. அன்றும் வலது கை ஸ்லைடுக்குப் போனது.

"நான் பாத்துட்டேன். காலிதான்" என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள். "நீங்க பாத்தா சரி மாமா."

மணிக்கட்டை மடக்கினாள். நெஞ்சருகே கொண்டுவந்தாள். லீவரைத் தேடிக் குனிந்தாள். தட்டினாள். நான் பழக்கியபடியே விரலும் சேர்ந்து அசைந்தது. தகரக் கொட்டகை என்பதால் சத்தம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள். என்னைப் பார்த்து, "சாரி மாமா" என்றாள். தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நடிப்புக்காக அல்ல, ஐயா. எனக்கு அழுகை வந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். அவளோடு பயிற்சி எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். நொட்டாங்கை, துப்பாக்கி அவளுக்குப் படியவில்லை, ஒரு தடவை வாத்தியார் மேலேயே திருப்பினாள் என்றார்கள். நான் எதையும் ஜோடிக்க வேண்டியிருக்கவில்லை. விபத்து என்று முடித்தார்கள்.

அக்காவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவள் விழும்போது என் கை அவள் தோளில் இருந்தது. தள்ளினேனா என்று கேட்டால், ஆமாம். என்ன சண்டை என்பது இப்போது எனக்கு ஞாபகமில்லை. ஏதோ சின்ன விஷயம்.

இரண்டாவது சாவுக்குப் பிறகு மாமியார் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "எனக்கு இனி நீங்க ஒருத்தர்தான் மாப்ள" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சமைக்கிறார், என் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறார். ஒரு நாள் தானாகவே சொன்னார்.

"பெரியவ கடைசியா சின்னவகிட்ட பேசினப்ப, அவர் வெளியிலதான் மொரடு, தனியா விட்டா சாப்பிடக்கூட மாட்டாருன்னு சொன்னாளாம். அதை நெனச்சுதான் உங்க கூடவே வேலைக்கு வரணும்னு நின்னா. உங்ககிட்ட சொல்ல வெக்கம் அவளுக்கு."

சின்னவள் தன் அம்மாவிடம் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறாள். வயதானவரிடம் வேறென்ன சொல்வாள்.

நேற்று காலை அவரைக் கடைக்குக் கூட்டிப்போனேன். சாலையில் லாரிகள் வேகமாக வந்துகொண்டிருந்தன. ஓரத்தில் நின்றோம். என் கை அவர் முதுகில் இருந்தது. எப்போது அங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. "கெட்டியாப் பிடிச்சுக்கோங்க மாப்ள, வண்டிச் சத்தம்னாலே எனக்குப் பயம்" என்றார். சாலையைக் கடக்காமலே அவரை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டு, இன்று உங்களிடம் வந்திருக்கிறேன்.

என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். ஆனால் முதலில் அந்த அம்மாவைக் கூப்பிட்டு விசாரியுங்கள். இரண்டு பெண்களையும் பறிகொடுத்துவிட்டு என் வீட்டில் இருக்கிறார், எப்படி நடந்தது என்று இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சின்னவளும் கடைசிவரை கேட்டதில்லை. ஒன்றும் தெரியாதவர்கள் இப்படியா இருப்பார்கள், ஐயா?