இடாப்பில் பதில் சொன்னவள்

அதிகாலை நாலரை மணி. வாவிக்கரையோரம் ஒரு மணல் ரோடு. ஒரு பக்கம் சேற்றில் வேர்விட்ட கண்ணா மரங்கள்... மறுபக்கம் ஆட்கள் விட்டுப்போன வீடுகள். காற்றுகூட இல்லை.

கிட்ட வந்து இருங்கள். சத்தமாகச் சொல்லுகிற கதை இல்லை இது. நம்முடைய நாகரெத்தினத்தின் சின்னம்மா மகள் மங்கையற்கரசிக்கு நடந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு, மார்கழி மாதம்.

அவள் அப்போது ஆசிரியர் கல்லூரியில் முதல் வருடம். அங்கே முதல் இரண்டு வருடமும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்று சட்டம். சண்டைக் காலம், பிள்ளைகளுக்கு ஒன்று நடந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். இரவு ஒன்பதுக்கு இடாப்பை, அந்தப் பெயர்ப் பதிவேட்டை, வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். 'ஓம்' சொல்லாதவள் மறுநாள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அன்று பின்னேரம் அவளுடைய தாய்மாமன் கதிர்காமத்தம்பி வெல்லாவெளியிலிருந்து வந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றி நினைவு தப்பிவிட்டதாம். விடுதிப் பொறுப்பாளர் பத்தினிப்பிள்ளை மிஸ், பொழுதுபட்ட பிறகு அனுப்ப மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அறைத் தோழி ஸாலிஹா, காத்தான்குடிப் பிள்ளை, அவள்தான் துணிவு சொன்னாள். நீ போ, உன் பெயருக்கு நான் குரலை மாற்றி 'ஓம்' சொல்கிறேன் என்றாள்.

மங்கை பின்வேலியால் நுழைந்து போனாள். மாமாவின் தோணியில் வாவியைக் கடந்து, பிறகு சைக்கிளில். நடுச்சாமத்தில் அம்மா கண் திறந்தாள். மகளை அடையாளம் கண்டு, இரண்டு மிடறு கஞ்சி குடித்தாள். அது போதும். விடியுமுன் திரும்ப வேண்டும்.

மாமா இக்கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். மங்கை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மணல் ரோட்டில் நடந்தாள்.

பாதி வழியில்... சளக். சளக். சளக்.

வாவிக்குள் யாரோ நடக்கிற சத்தம். விடுதிப் பக்கமிருந்து எதிரே வந்தது. முதலில் கணுக்கால் தண்ணீர்ச் சத்தம். அவளைக் கடக்கும்போது முழங்கால். பிறகு இடுப்பு... பிறகு ஒன்றுமில்லை. மூச்சு வாங்கும் ஓசைகூட இல்லை. பச்சைச் சேற்று நாற்றம் மட்டும் மரங்களுக்கிடையால் வந்து நின்றது.

ஓடினாள். வேலி கிழித்த கையோடு அறைக்குள் போனால், ஸாலிஹா கட்டிலில் இல்லை. மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தாள். மங்கையைக் கண்டதும் கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருக்கிறதா என்று.

"நான் ஒண்டும் சொல்லல்லகா," என்றாள். "உன்ட பேரைக் கூப்பிடக்குள்ள, எனக்குப் பின்னால நிண்டு நீதான் ஓம் எண்ட."

திரும்பிப் பார்த்தாளாம். மங்கைதான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தோணி கிடைக்காமல் திரும்பிவிட்டாள் என்று ஸாலிஹா நினைத்தாள். அது பேசாமல் வந்து மங்கையின் கட்டிலில் படுத்தது.

பதினொரு மணிக்கு ஆமிக்காரர் சோதனைக்கு வந்தார்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி இடாப்போடு தலை எண்ணினார்கள். ஒரு தலை குறைந்திருந்தால், ஒருத்தி துவக்குத் தூக்க இயக்கத்துக்குப் போய்விட்டாள் என்று அந்த ஊரையே உலுக்கியிருப்பார்கள். குறையவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் டோர்ச் அடித்தார்கள். எல்லோரும் கண்ணைச் சுருக்கினார்கள்...

அது சுருக்கவில்லை. இமை ஆடவே இல்லை.

அதன் பிறகு ஸாலிஹா உறங்கவில்லை. சற்று முன்புதான் அது எழுந்ததாம். கதவடியில் நின்று, மங்கையின் குரலில், "போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனதாம்.

இருவரும் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் இருவர் படிப்பும் போய்விடும். மீதிக் காலமெல்லாம் பெயர் கூப்பிடும்போது மங்கை முந்திக்கொண்டு 'ஓம்' சொல்வாள். மிஸ் வாயை மூடுமுன்.

இரண்டு வருடம் முடிந்தது. இனி வெளியே தங்கலாம். விடுதியிலேயே தொடர்ந்து தங்க விரும்புகிறவர்கள் மட்டும் படிவம் நிரப்ப வேண்டும். மங்கை ஊரில் அறை பார்த்துவிட்டாள். காலையில் அதைச் சொல்லப் போனபோது பத்தினிப்பிள்ளை மிஸ் வியப்போடு நிமிர்ந்தார்.

"என்ன பிள்ள இது? ராவுதானே வந்து, என்ட பேரை வெட்டாதீங்க மிஸ், நான் இஞ்சதான் இரிக்கன் எண்டு சொன்னீங்க?"

மேசையில் கிடந்த படிவத்தை எடுத்து நீட்டினார். பெயர், ஊர், தகப்பன் பெயர், எல்லாம் மங்கையின் கையெழுத்து. எழுத்துக்கு எழுத்து அவளுடையது.

எதுவரை தங்குவீர் என்ற இடம் மட்டும்... வெறுமையாக இருந்தது.