சாப்பிட்டு வந்து பார்க்கலாம்

எலெக்ட்ரானிக் சிட்டி போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், கழுத்தில் கம்பெனி அட்டையோடு இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"அவன் எனக்குன்னு எழுதினது மொத்தமே ஒரு வரி. அதையும் வேண்டாததுன்னு ஏஐ சொல்லுதுடி."

"எந்த வரி?"

"வெப் சர்வர் செட்டிங்ஸ் ஃபைல்ல. அதையெல்லாம் ஏஐயே படிக்கிற மாதிரி புது டூல் போட்டிருக்காங்கல்ல? வரி ஆரம்பத்துல ஹாஷ் குறி (#) போட்டிருந்தா, அது வெறும் குறிப்புன்னு சர்வர் கண்டுக்காதாம். அதெல்லாம் தூக்கிடலாமான்னு ஒரு லிஸ்ட் குடுத்துச்சு. அதுல அவனோடதும் இருக்கு."

"என்னதான் எழுதியிருந்தான்?"

"'கவி, இதைத் தொடாதே. சாப்பிட்டு வந்து சேர்ந்து பார்க்கலாம்.' தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்கான்."

"அவன் வேலையை விட்டுப் போயே மூணு வருஷம் ஆச்சேடி!"

கண்டக்டர் கன்னடத்தில் "முந்தே ஹோகி" என்று எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டு போனார். நான் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"சரி, நீ என்ன பதில் போட்ட?"

"அந்த வரி இருக்கணும்னு போட்டேன். காரணம் கேட்டுச்சு."

"என்னன்னு சொன்ன?"

"இன்னும் சேர்ந்து பார்க்கலைன்னு."