பச்சைச் சேவல்

இல்லக்கா, நல்லா சாஞ்சு உக்காருங்க. எம் பையன் தூங்கிட்டான். காலு உங்க மேல பட்டா தள்ளி விட்டுருங்க, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். இந்த லாரி சாந்தா கிளாரா போய்ச் சேர வெயில் ஏறிரும். நான் சிரிச்சனா? உங்களப் பாத்து இல்ல. உங்க பச்சைச் சட்டையப் பாத்து. நல்லாத்தான் இருக்கு. எங்க பேட்டைக்குள்ள மட்டும் டிசம்பர்ல இதப் போட்டுக்கிட்டு வந்துறாதீங்க.

ஆமா, பர்ராண்டாத் திருவிழா நடக்குற ஊருதான். எங்க ஊர்ல ரெண்டு பேட்டை. லோமாவுக்குச் செவப்பு, சேவல். ரியோவுக்குப் பச்சை, தவளை. நாங்க லோமா. வருஷம் பூரா ஒரே வரிசையில நின்னு ரொட்டி வாங்குவோம், பொண்ணு குடுப்போம், எடுப்போம். கிறிஸ்துமஸுக்கு மட்டும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டோம். மைதானத்துல அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாங்க, சர்ச் மணிக்கூண்டு உசரத்துக்கு லைட்டு கட்டி நிறுத்துவோம். எவங்க லைட்டு அசத்துதோ, அவங்க வாய அந்த வருஷம் யாராலயும் மூட முடியாது.

லோமாவுக்கு லைட்டு புரோகிராம் எழுதுறது எங்கண்ணன், எலியேசர். கலராவது ஒண்ணாவது, எல்லாம் நம்பருதான்ம்பான். ஒரு பல்புக்கு மூணு நம்பர். மொதல்ல செவப்பு எவ்வளவு, அப்புறம் பச்சை, அப்புறம் நீலம். சைபர் போட்டா அது அணைஞ்சு கெடக்கும், இருநூத்தி அம்பத்தஞ்சு போட்டா முழுசா எரியும். மொத நம்பர மட்டும் முழுசாக்கி மத்த ரெண்டையும் சைபராக்குனா, செக்கச் செவேல்னு சேவல். அவன் பக்கத்துல உக்காந்து உக்காந்து எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு.

இந்த வருஷம் பல்புச் சரம் பனாமாவுல இருந்து வந்துச்சு, யாரோ ஒருத்தி பெட்டியில, புள்ளைங்க செருப்புக்கு அடியில சுருட்டி. பாக்க பழசு மாதிரியே இருந்துச்சு. ஆனா இந்தச் சரம் மொத நம்பரப் பச்சைக்கு எடுத்துக்குமாம், ரெண்டாவதத்தான் செவப்புக்கு. அது எங்களுக்கு எங்க தெரியும்?

எரிய விட்டுப் பாக்கலையான்னுதான? ஊரே அதத்தான் கேக்குது. பாத்தோம்க்கா. தகரக் கொட்டாயிக்குள்ள வச்சு முழுசா எரிய விட்டோம், வெள்ளையில. எங்க கமிட்டில அப்படி ஒரு சட்டம். தகரத்துல ஒரு ஓட்டை விடாம ரியோக்காரன் கண்ணு இருக்கும். போன வருஷம் கடலை விக்க வந்தவ எங்க லைட்டுல என்ன கலர் எங்க வருதுன்னு அங்க போயி ஒப்பிச்சுட்டா. அதனால நாள் வர்ற வரைக்கும் வெள்ளை மட்டுந்தான். வெள்ளைக்கு மூணு நம்பரும் முழுசு. எத மாத்திப் போட்டாலும் வெள்ளை வெள்ளைதான? எல்லாரும் கை தட்டிட்டு ரம் குடிக்கப் போயிட்டாங்க.

திருவிழா அன்னிக்கு இருட்டுனதும் சுவிச்சப் போட்டாங்க. வானம் நீலமா வந்துச்சு, சரி. சூரியன் மஞ்சளா வந்துச்சு, அதுவும் சரி. மஞ்சள்ல செவப்பும் பச்சையும் சரிபாதி, மாறுனாலும் தெரியாது. அப்புறம் சேவல் எந்திரிச்சுச்சு. கொண்டையில இருந்து வாலு வரைக்கும் பச்சை.

எங்க டிரம்பெட்காரரு வாயில இருந்து எடுத்துக் கீழ வச்சுட்டாரு. அந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தன், டேய், கிளிடா! அவ்வளவுதான், மைதானமே கிளி கிளின்னு கத்துது. பிஸ்கட் குடுங்கப்பா, பேசுதான்னு பாப்போம்ங்குறான் ஒருத்தன். எங்க கிளிய வளத்துக் குடுத்ததுக்கு நன்றிங்குறா இன்னொருத்தி.

அதுகூடப் போகட்டும். எங்கண்ணன் கம்ப்யூட்டர மடியில வச்சுக்கிட்டு சேவலுக்குக் கீழ உக்காந்திருக்கான். மேல பாத்து சிரிக்கிறான்க்கா. வாயெல்லாம் பல்லு. கமிட்டித் தலைவர் ஓனேலியோ அதப் பாத்துட்டாரு. அண்ணன் கட்டிக்கப் போற பொண்ணு வேற ரியோ. ஏண்டா, மாமனார் வீட்டுக்கு இங்கருந்தே சீர் அனுப்பிட்டியான்னாரு. அன்னில இருந்து அவன் துரோகி. கதவுல யாரோ கிளிக்கூண்டு மாட்டிட்டுப் போறாங்க.

ஏன் சிரிச்சானா? அவனுக்கு அது சரியாத்தான் தெரிஞ்சுச்சு. செவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒண்ணுதான், பொறந்ததுல இருந்தே. மாம்பழத்த அமுக்கிப் பாத்துத்தான் எடுப்பான். எனக்கும் எங்கம்மாவுக்கும் மட்டுந்தான் தெரியும். அம்மா போயிட்டாங்க. ஒவ்வொரு வருஷமும் புதுச் சரம் வந்தா, எங்க அடுப்படியில போர்வைக்குள்ள ஒரே ஒரு பல்ப மட்டும் செவப்புல எரிய விட்டு, இது என்னான்னு என்னைக் கேப்பான். நான் சொல்லுவேன். இந்தத் தடவ சரம் வந்தப்ப நான் ஊர்ல இல்ல, மாமியாரு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில இருந்தேன்.

கமிட்டியில உண்மையச் சொல்லியிருக்கலாம்தான். நானும் அதான் கேட்டேன். பொழப்புக்குக் கரண்டுக் கம்பத்துல ஏறி ஒயரு மாட்டுறவன், கண்ணு இப்படின்னா வேலை போயிரும்னு பயப்படுறான்னு நெனச்சேன். அதில்லயாம். கலர் தெரியாதுன்னு சொன்னா, அப்ப யாருடா பாத்துச் சொன்னதுன்னு அடுத்த கேள்வி வரும்ல, அந்தக் கேள்வி வரக் கூடாதுன்னான். ஞாயித்துக்கெழமை பைய எடுத்துக்கிட்டு ஊர விட்டே போயிட்டான். போறப்ப எங்கிட்ட மட்டும் சொன்னான்.

இவந்தான்க்கா. தாரியேல். போர்வைக்குள்ள மாமனும் மருமவனும் உக்காந்து, இது என்ன கலருடா ராசான்னு கேட்டிருக்கான். அஞ்சு வயசு, கலர் பேரெல்லாம் கடகடன்னு சொல்லுவான். செவப்புன்னுருக்கான். யாருகிட்டயும் சொல்லாத, நம்ம ரெண்டு பேரு ரகசியம்னு சத்தியம் வாங்கிக்கிட்டானாம். இன்னி வரைக்கும் எங்கிட்டகூட வாயத் தெறக்கல. அன்னிக்கு மைதானத்துல எங்க பேட்டையே எழவு வீடு மாதிரி நிக்குது, இவன் மட்டும் என் தோள்ல உக்காந்து, அம்மா, நம்ம சேவல்னு கை தட்டுறான். சின்னப் புள்ளதானன்னு விட்டுட்டேன்.

இந்தக் கண்ணு அம்மா வழியாத்தான் பையனுக்கு வருமாம். எங்கம்மா அண்ணனுக்குக் குடுத்துருக்கு, நான் இவனுக்குக் குடுத்துருக்கேன். கண் டாக்டர்கிட்டத்தான் போறோம். குருடாயிற மாட்டான், தெரியும். எனக்குப் பயம் அது இல்லக்கா. இவன் சிரிக்கிற நேரத்துல ஊரு சிரிக்காது பாருங்க. அதான்.

எந்திரிச்சிட்டியாடா ராசா? பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு. என்னது, சட்டையா? ஆமாடா, நம்ம பேட்டைக் கலருதான். அழகா இருக்குல்ல? அக்கா, நீங்களும் ஆமான்னு சொல்லிருங்க.