நாலாவது லைனின் தாகம்

தபஸ்ஸும்: கீழ டெய்லருங்களோட லேடீஸ் பாத்ரூம் சாவிய என்கிட்ட குடுத்துடுங்க சார்.

ஸ்ரீநிவாசராகவன்: அதைக் கேக்கவே கூடாதுன்னு வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொன்னேனா இல்லையா?

தபஸ்ஸும்: சொன்னீங்க. இப்ப கேக்கறேன்.

ஸ்ரீநிவாசராகவன்: தாம்பரத்துல எந்த எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர் டெய்லருங்ககிட்ட சாவியைக் குடுத்திருக்கான்? அதுவும் இன்னிக்குத் திறந்துதானே இருக்கு... சோப்பு, டவல்...

தபஸ்ஸும்: நம்ம துணி வாங்கற கம்பெனிலேர்ந்து வெளிநாட்டுக்காரம்மா ஆடிட்டுக்கு வந்திருக்காங்க, அதான். நாளைக்கு?

ஸ்ரீநிவாசராகவன்: வழக்கம்போல சூப்பர்வைசர்கிட்ட டோக்கன் வாங்கிட்டுப் போகட்டும்.

தபஸ்ஸும்: டோக்கன் கேட்டா எல்லார் எதிர்லயும் கேலி பண்றான் சார். அதுக்குப் பயந்து பொம்பளைங்க காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்ல. நாலாவது தையல் லைன்ல ஒரு அம்மாவுக்கு கிட்னியில சீழ்.

ஸ்ரீநிவாசராகவன்: நம்ம கம்பெனி டாக்டர் பாத்தாரே?

தபஸ்ஸும்: பாத்தாரு. தண்ணி நெறைய குடிங்கன்னாரு.

ஸ்ரீநிவாசராகவன்: கரெக்டாத்தானே...

தபஸ்ஸும்: இன்னா சார் கரெக்டு? குடிச்சா எங்க போறது?

ஸ்ரீநிவாசராகவன்: டிகிரி முடிச்சும் அந்த ‘இன்னா’ போகலை பாரு!

தபஸ்ஸும்: போகாது சார். மாடியில ஏசில உக்காந்துகினு நாம பாட்டில் பாட்டிலா குடிக்கறோம். நெனச்சா எழுந்து போறோம். நம்மள்ல யாருக்காவது கிட்னி கெட்டுச்சா?

ஸ்ரீநிவாசராகவன்: குரலைத் தாழ்த்து. நீ ஸ்டாஃப். கீழே போய் ஆடிட் அம்மா கேக்கறதைத் தமிழ்ல சொல்லு. லேபர் சொல்றதை இங்கிலீஷ்ல சொல்லு. எல்லாரும் ஹாப்பி. எப்பவும் சொல்றதுதானே?

தபஸ்ஸும்: ஆமா... போன தடவையும் சொல்லித் தொலைச்சேன். இன்னிக்குப் பேட்டிக்கு யார உக்கார வெச்சிருக்கீங்க?

ஸ்ரீநிவாசராகவன்: சித்திகாவை.

தபஸ்ஸும்: ...அவங்களுக்குத்தான் சார் கிட்னி.

ஸ்ரீநிவாசராகவன்: தெரியும்.

தபஸ்ஸும்: தெரிஞ்சுமா?

ஸ்ரீநிவாசராகவன்: தெரிஞ்சுதான். வாயைத் தொறந்தா பொண்ணு வேலை போயிடும்னு அவளுக்கு பயம். என்ன முழிக்கறே? ஊரப்பாக்கத்துலேர்ந்து ஒண்ணா ரயில்ல வந்து, கேட்டுக்கு முன்னாடி ஆளுக்கொரு பக்கமா பிரிஞ்சு வரீங்க. வாட்ச்மேனுக்குக் கண்ணில்லையா? பெத்தவளைப் போய் ‘ஒரு அம்மா’ன்றே... போ. சமத்தா பேசிட்டு வா.

தபஸ்ஸும்: அம்மா சமத்தாத்தான் பேசும். ‘ஒரு கொறையும் இல்ல’ன்னு சத்தியமே பண்ணும். பண்ணட்டும். அது தமிழ்ல இன்னா பொய் சொன்னாலும், இங்கிலீஷ்ல நான் சொல்லப்போறது அதோட கிட்னியையும் உங்க டோக்கனையும்தான். எங்க ரெண்டு பேர் வேலையும் போகும், தெரியும். வரேன் சார்.