போன் திறக்கப்பட்ட நாள்

சைரன். நீளமாக ஊளையிடுகிறது. கொச்சி மட்டாஞ்சேரி முழுக்க விளக்குகள் அணைகின்றன. மாடியில் காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு நிற்கிறேன். கீழே சந்தில் பக்கத்து வீட்டு ஜோசேட்டன் கத்துகிறார்.

"லைட்டக் கெடுத்துங்க, எல்லாத்தையும் அணைங்க! ஜன்னல அடைங்க!"

எல்லையில் சண்டை தொடங்கியிருந்தது. இங்கே கடற்படைத் தளம் உண்டு. அதனால் எங்களுக்கும் பயம். மக்ரிப் பாங்கு முடிந்த அந்தி நேரம். வல்லார்பாடம் பக்கம் பார்க்கிறேன். துறைமுகக் கிரேன்களின் வெளிச்சம் ஒவ்வொன்றாக மறைகிறது.

என் கணவர் கபீர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். நடுக்கடலில் செய்தி கேட்டுத் துடித்துக்கொண்டிருந்தார். அந்த இருட்டைப் படம்பிடித்தேன். "இங்க பயப்பட ஒண்ணுமில்ல, பேடிக்காதீங்க" என்று குரலும் சேர்த்து அனுப்பினேன். அவர் கப்பல் நண்பர்களுக்கு அனுப்பினார். அங்கிருந்து அது எங்கெங்கோ போனது.

மறுநாள் மதியம். தையல் மெஷினில் இருக்கிறேன். கதவு தட்டப்படுகிறது. சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள். உத்தரவு இருக்கிறதா என்று கேட்டேன்.

"யுத்த சமயமாக்கும் சேச்சி. துறைமுகத்தப் படமெடுத்து அனுப்பினது நீயல்லே? போனை எடு."

ஸ்டேஷனுக்குத் துணையாகக் கணவரின் அண்ணன் வந்தார். மச்சான் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். போன் பூட்டைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். அதிகாரி படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். விரல் நின்றது. திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இது ஆருக்கு அனுப்பின படம்?"

என் மார்பு. இடப்பக்கம் கட்டி எடுத்த தழும்பு. கோயம்புத்தூர் டாக்டரம்மாவுக்கு அனுப்பியது. கடலில் இருக்கும் மனிதரைக் கலங்கடிக்க வேண்டாமென்று கணவரிடம்கூடச் சொல்லாதது. மச்சான் பார்த்துவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டாக்டருக்கு சார். ஆபரேஷன் செஞ்ச இடம். மூடுங்க சார்! மூடுங்க!"

அவர் மூடவில்லை. பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு அடுத்த படத்துக்குப் போனார்.

சண்டை நின்றது. என்மேல் வழக்கு இல்லை. கொச்சியில் ஒரு குண்டும் விழவில்லை. எல்லாரும் தப்பித்தோம் என்றார்கள்.

எங்கள் வீட்டில் போனவற்றைச் சொல்கிறேன். போன் போனது. போலீஸ் பரிசோதனையில் இருக்கிறதாம். தையல் போனது. பக்கத்து சுள்ளிக்கல் பெண்கள் பிளவுஸ் போட்டுப் பார்த்த படங்களை எனக்கு அனுப்புவார்கள். "எங்க படத்தையும் அவங்க கண்டாங்களா?" என்று கேட்டார்கள். இல்லையென்று சொல்ல முடியவில்லை. ஒருவரும் வருவதில்லை. மச்சான் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போகிறார். படத்தைப் பற்றி அவர்தான் தம்பியிடம் சொன்னார். "எங்கிட்ட ஏன் மறச்சே?" என்று கபீர் ஒருமுறை கேட்டார். அழுதார். இப்போது புதுப் போனில் அழைத்தால் மழை உண்டா, சாப்பிட்டாயா என்பதோடு சரி. யாரோ நடுவில் இருப்பதுபோல இருவருமே குரலைத் தாழ்த்துகிறோம்.

டாக்டரம்மாவுக்குப் படம் அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன்.

வலப்பக்கம் புதிதாக ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.