உருகும் என்று சொன்னேன்

உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டரின் ஃபேன் தூசியில் அடைத்துப்போயிருக்கிறது, சார். வந்து உட்கார்ந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பெயிண்ட் பிரஷ் இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் இந்த ஊரில் எந்த மெஷினையும் அது சாகிறவரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கள்ளக்குறிச்சியில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பெயர் அரங்கநாதன். கடையைவிட என் யூடியூப் சேனலைத்தான் ஜனங்களுக்குத் தெரியும். அடுத்து வரப்போகும் கிராபிக்ஸ் கார்டு எப்படி இருக்கும் என்று, கம்பெனி வாய் திறப்பதற்கு மூன்று மாதம் முன்பே நான் சொல்லிவிடுவேன். மெமரி எவ்வளவு, கரண்ட் எவ்வளவு இழுக்கும், எல்லாம். நாற்பத்தோராயிரம் பேர் பார்க்கிறார்கள். அதில் நாற்பதாயிரம் பேர் அந்தக் கார்டை ஆயுசில் கையால் தொடப்போவதில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் நின்று பந்தி வாசனை பிடிக்கிற கூட்டம். அவர்களுக்குப் பெரிய பெரிய எண்ணாகச் சொல்ல வேண்டும். நானும் சொன்னேன்.

இந்த வருஷம் மார்ச் மாதம் மூன்று விஷயம் சொன்னேன். புதுக் கார்டில் முப்பத்திரண்டு ஜிபி மெமரி இருக்கும். அறுநூறு வாட் இழுக்கும். அதற்குக் கரண்ட் கொண்டுபோகிற கேபிள், செருகும் இடத்தில் உருகும். தேதியோடு வீடியோ இருக்கிறது, நீங்களே பார்க்கலாம்.

அதன் கீழே ஒரு பெண் எழுதினாள். இலக்கியா, வெள்ளிமலை. "அண்ணா, வெளியான போட்டோவுல மெமரி வைக்க எட்டு எடம்தான் இருக்குது. எடத்துக்கு மூணு ஜிபின்னு போட்டாலும் இருபத்தி நாலுதானே வரும்? கரண்டும் நானூத்தம்பதுக்கு மேல போவாதுண்ணா."

அடுத்த வீடியோவில் அதைப் படித்துக் காட்டிச் சிரித்தேன். கடுக்காய் பொறுக்குகிற மலையிலிருந்தெல்லாம் நமக்கு ஸ்பெக் வருகிறது என்றேன். தொள்ளாயிரம் பேர் கூடச் சிரித்தார்கள். அவள் ஒரே வரி பதில் போட்டாள். "கடுக்கா பொறுக்கினாலும் எட்டு எட்டுதாண்ணா."

ஜூனில் கார்டு வந்தது. இருபத்து நாலு ஜிபி. நானூற்றைம்பது வாட்.

அன்று சாப்பாடு போடும்போது என் மனைவி பாரதி, "இன்னாங்க, அந்த மலைப் பொண்ணு சொன்னதுதான் கரெக்ட்டாமே. பேசாம அதையே கடையில குந்த வைங்க, வியாபாரமாச்சும் ஆவும்" என்றாள். கிராபிக்ஸ் கார்டுக்கும் கிரைண்டருக்கும் வித்தியாசம் தெரியாதவள். அவளுக்கே செய்தி போயிருக்கிறது. தட்டைத் தள்ளி வைத்தேன். அவமானம் என்றால் அவமானம்தான், அதை நான் மறைக்கப்போவதில்லை.

பார்க்கிற கூட்டமோ ஆட்டு மந்தை. அடுத்த கார்டு எப்படி இருக்கும் என்று என் வீடியோவுக்குக் கீழேயே வந்து அவளைக் கேட்டார்கள். எனக்கு மிச்சம் இருந்தது அந்த மூன்றாவது விஷயம். கேபிள் உருகும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் உலகம் பூராவும் தினம் தேடினேன், சார். எந்த நாட்டிலும் ஒருத்தனுக்கும் உருகவில்லை. டீக்கடையில் நான் டம்ளரை எடுக்கும்போதே "இன்னா அண்ணே, உருகிச்சா?" என்பான்கள். டீக்குப் பதில் அதைத்தான் தினமும் குடித்தேன்.

ஆகஸ்டில் அவளே கடைக்கு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். சங்கராபுரத்து இன்ஜினியர்களுக்கு வீட்டு முகப்புப் படம் வரைந்து கொடுக்கிறாளாம். அந்த வேலைக்கு அதே கார்டு வேண்டும், கம்ப்யூட்டரே புதிதாகச் செய்து கொடுங்கள் என்றாள். சென்னையில் வாங்கியிருக்கலாமே என்றேன். "நம்ம ஊர்க் கடைன்னா, ஏதாச்சும் ஒண்ணுன்னா ஓடியாந்து கேக்கலாமில்லண்ணா" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஜெயித்தவள் கொஞ்சமாவது திமிராக இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரை நானே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் வைத்துக் கொடுத்தேன். ஓட்டு வீடு. ஒரே அறையில் கட்டிலும் மேஜையும். மேஜைக்கு மேலே பரணில் மக்காச்சோளத் தட்டை அடுக்கி வைத்திருந்தார்கள், காய்ந்து சருகாக. அவள் அம்மா பெரியநாயகி டீயும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் கொடுத்தார். கதவுக்கு எதற்கு வெளியே இவ்வளவு பெரிய கொக்கி என்று கேட்டேன். "கொரங்கு சார். ஆள் இல்லன்னா உள்ள பூந்து எல்லாத்தையும் வாரிக்கினு பூடும். உள்ள ஆள் தூங்கினாலும் வெளிய போறவங்க கொக்கிய மாட்டிட்டுத்தான் போவோம்" என்றார். கிழங்கு நன்றாக இருந்தது.

கிளம்பும்போது பெட்டியின் மூடி மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். 'கிழித்தால் வாரண்டி கிடையாது'. ஆயிரம் ஸ்டிக்கர் நானே அச்சடித்து வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆனால் இந்த ஜில்லாவில் அதை மீறி ஒருத்தர் மூடியைத் திறந்து நான் பார்த்ததில்லை. நான் சொன்னதையே நம்பாமல் போட்டோவில் இடத்தை எண்ணிப் பார்த்தவளும், ஸ்டிக்கர் என்றதும் தலையாட்டினாள்.

பதினோராம் நாள் காலையில் போன் செய்தாள். "அண்ணா, பொட்டியிலேர்ந்து கருகல் வாசன வருதுண்ணா. மூடியத் தொறந்து பாக்கட்டா?"

"தொறக்காதம்மா, வாரண்டி பூடும். புதுசுன்னா ரெண்டு வாரம் அப்படித்தான் வாசன வரும்" என்றேன்.

"அம்மாவுக்குக் காய்ச்சண்ணா. அந்த ரூம்லதான் படுத்துக்கினு இருக்காங்க. நான் மாத்திர வாங்க ஆஸ்பத்திரிக்குப் போறேன். வூட்டு முகப்புப் படம் ஒண்ணு பாதியில ஓடிக்கினு இருக்குது. நிறுத்திட்டுப் போவட்டுமா?"

நிறுத்து என்பது நாலே எழுத்து, சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். யோசித்தேன். அவசரப்பட்டுச் சொல்கிற ஆள் இல்லை நான். "ஓடட்டும்மா. பாதியில நிறுத்தினா கார்டுக்குத்தான் கெடுதி" என்றேன்.

"சரிங்கண்ணா. ரொம்ப நன்றிங்கண்ணா" என்று வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்தது உங்கள் ஃபைலில் இருக்கிறது. எரிகிற வீட்டுக் கதவைத் திறக்கப் போய் அந்தப் பெண்ணின் இரண்டு உள்ளங்கையும் கொக்கியோடு ஒட்டிக்கொண்டதாம். பெரியநாயகியைக் கதவடியில்தான் எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். வருத்தம்தான். டீ கொடுத்த கை.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். உங்கள் ரைட்டருக்கு அது இன்னும் புரிந்த மாதிரி தெரியவில்லை, ஏதோ திருட்டுப் புகார் கொடுக்க வந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். நேற்றைய பேப்பரில் படித்தேன். மின்கசிவால் தீ, விசாரணை முடிந்தது. மலை வீடு, பழைய வயரிங், எழுதி முடித்தால் வேலை தீர்ந்தது. உங்களுக்கு எல்லாமே மின்கசிவு. அந்த வீட்டு வயரிங் சுத்தமாக இருந்தது, நான் பார்த்தேன். அவளே என் வீடியோவுக்குக் கீழே ஆஸ்பத்திரியிலிருந்து யாரையோ விட்டு எழுதியிருக்கிறாள், "எங்க வூட்டு லைன்தான் சரியில்ல போல, அண்ணன் மேல தப்பு இல்ல" என்று. இருபத்து நாலைச் சரியாகச் சொன்னவள் இதைத் தப்பாகச் சொல்கிறாள். ஜனங்களும் நம்புகிறார்கள்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். சாம்பலில் அந்தக் கேபிளின் முனை கிடக்கும், எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். ஆறு கம்பி சுமக்க வேண்டிய கரண்டை இரண்டு கம்பி சுமந்திருக்கும். மற்ற நாலையும், ஜீப்பில் ஏற்றுவதற்கு முந்தின நாள் கடையில் உட்கார்ந்து நான்தான் வெட்டினேன். பரணையும் கொக்கியையும் கண்ணால் பார்த்த பிறகும் அதை மாற்றவில்லை. போனில் அந்த அம்மா உள்ளே இருப்பது தெரிந்துதான் ஓடட்டும் என்றேன். கொலை என்றே போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் காரணம் என்ற இடத்தில் மின்கசிவை அடித்துவிட்டு, கேபிள் உருகியது என்று எழுதுங்கள். மார்ச் மாதமே சொன்னேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு கம்பியை நான் வெட்டியதால் என் கணிப்பு தப்பு என்று ஆகிவிடாது, சார்.